ஊர் மரியாதை வெளிநாட்டில் எங்கே இடறுகிறது?

திருகோணமலை மாவட்டத்திலிருந்து வெளிநாடு போகிறவர்கள் பல வகை. கிண்ணியா, மூதூர்ப் பக்கமிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள். கொரிய, ஜப்பானிய மொழிப் பரீட்சையில் தேறிப் போகும் இளைஞர்கள். சுவிசிலும் கனடாவிலும் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர். சிதம்பரம், சபரிமலை என்று யாத்திரை போகிறவர்கள். சரக்கு எடுக்கச் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் டுபாய்க்கும் போய்வரும் வியாபாரிகள். இவர்கள் எல்லோருக்கும் புறப்படும் முன் கையில் கிடைப்பது பெரும்பாலும் ஒரே மாதிரியான பட்டியல்தான்: அதைச் செய்யாதே, இதைத் தொடாதே.

அந்தப் பட்டியலில் இரண்டு குறைகள் உண்டு. எதைச் செய்தால் சிறை, எதைச் செய்தால் வெறும் முகச்சுளிப்பு என்று அது பிரித்துச் சொல்வதில்லை. அதைவிடப் பெரிய குறை, அது போகும் நாட்டவரின் புதினமான வழக்கங்களை மட்டுமே சொல்கிறது. ஊரில் நல்ல பிள்ளை, பண்பானவர் என்று பெயர் வாங்கித் தந்த பழக்கங்களே அங்கே பிழையாகிவிடும் என்பதை அது சொல்வதில்லை. பயணத்தில் ஏற்படும் மனக்கசப்புகளில் பெரும்பங்கு இங்கிருந்துதான் வருகிறது.

மூன்று அடுக்குகள்: சட்டம், இடத்தின் விதி, வழக்கம்

திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போகும் ஒரே நடையில் இந்த மூன்றையும் காணலாம். பிரெட்றிக் கோட்டை வாசலைக் கடக்கும்போது படையினர் நிற்கிறார்கள். முகாமையும் காவலரண்களையும் படம் எடுக்கப் போனால் அது சட்டப் பிரச்சினை. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவது அந்த இடத்தின் விதி. விபூதியை வலக் கையால் வாங்குவதும், சந்நிதிக்கு நேரே காலை நீட்டி உட்காராமல் இருப்பதும் வழக்கம். நாம் இவற்றைப் பிரித்துப் பார்ப்பதில்லை. சின்ன வயதிலிருந்தே பழகியதால் எல்லாம் ஒன்றாகவே தெரிகிறது. வெளிநாட்டில் பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும், ஏனென்றால் மீறும்போது வரும் விளைவு வேறு வேறு.

1. சட்டத்தை மீறினால் பொலிஸ், நீதிமன்றம், நாடுகடத்தல். "எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்ப முடியாது.
2. இடத்தின் விதியை மீறினால் வெளியே அனுப்புவார்கள், தண்டப்பணம் கேட்பார்கள் அல்லது முறைப்பாடு செய்வார்கள். பெரும்பாலும் அந்த விதி அறிவித்தல் பலகையில் எழுதியிருக்கும்.
3. வழக்கம் எங்கும் எழுதியிருக்காது. மீறினால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அடுத்த அழைப்பு மட்டும் வராது. வியாபாரத்தில் மிகவும் நட்டம் தருவது இந்த மூன்றாவதுதான், ஏனென்றால் என்ன பிழை என்று கடைசிவரை தெரியவராது.

ஒரே செயல் எல்லை தாண்டும்போது அடுக்கு மாறிவிடும். இங்கே சாப்பாட்டுக் கடையில் சாப்பிட்டுவிட்டுத் தட்டை மேசையிலேயே விட்டு எழும்புவது சாதாரணம், எடுக்க ஆள் இருக்கிறார். சிங்கப்பூரின் உணவங்காடிகளில் 2021 செப்டெம்பர் 1 முதல் தட்டைத் திருப்பி வைக்காதது தண்டனைக்குரியது. முதல் முறை எழுத்தில் எச்சரிக்கை, அடுத்த முறை 300 சிங்கப்பூர் வெள்ளி. அதே அங்காடியில் காலி மேசை மேல் ஒரு கடதாசிக் கைக்குட்டைப் பொட்டலம் கிடந்தால், யாரோ இடம் பிடித்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போயிருக்கிறார் என்று அர்த்தம். அது சட்டமல்ல, வழக்கம். ஆனாலும் அந்தப் பொட்டலத்தைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தால் அந்த வழக்கம் எவ்வளவு வலுவானது என்று உடனே தெரியும்.

இதன் மறுபக்கத்தை இலங்கையிலேயே பார்த்திருக்கிறோம். 2012இல் பிரெஞ்சுச் சுற்றுலாப் பயணிகள் மூவர் புத்தர் சிலையை முத்தமிடுவதுபோல் எடுத்த படங்களுக்காகக் காலி நீதிமன்றத்தில் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை பெற்றார்கள். 2014இல் கையில் புத்தர் உருவம் பச்சை குத்தியிருந்த பிரித்தானியப் பெண் ஒருவர் கட்டுநாயக்கவில் வந்திறங்கியதும் கைதாகி, நாடுகடத்தப்பட்டார். அது அவருடைய அடிப்படை உரிமை மீறல் என்று உயர்நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்து, 8 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. பயணிக்கு இதில் ஒரு பாடம் உண்டு. சட்டத்தில் இல்லாத ஒன்றுக்காகவும், அங்குள்ளவர்களின் மனம் புண்பட்டால், கைது நடக்கலாம். நீதி கிடைத்தாலும் மூன்று வருடம் கழித்துத்தான் கிடைக்கும்.

பொதியில் இருக்கும் ஆபத்து

உறவினர் வீட்டுக்கு வெறுங்கையோடு போவது நமக்கு அழகல்ல. அதனால் பொதி கனக்கிறது. மிளகாய்த்தூள், கருவாடு, பலகாரம், அத்தோடு பக்கத்து வீட்டார் தம் மகனுக்குக் கொடுத்துவிடும் ஒரு சிறு பொட்டலம். மறுத்தால் மனம் நோகும் என்று வாங்கிவிடுகிறோம். சுங்கத்தில் பொதியைத் திறந்தால், உள்ளே இருப்பதற்கெல்லாம் பொறுப்பு கடவுச்சீட்டுக்கு உரியவர். கட்டாயம் கொண்டுபோகத்தான் வேண்டுமென்றால், கொடுத்தவர் முன்னாலேயே பிரித்து ஒவ்வொன்றையும் பார்த்து, திரும்ப நீங்களே கட்டுங்கள். அதற்கு அவர் மனம் கோணினால், அந்தப் பொதியை வாங்காமல் விடுவதே சரி.

குறிப்பாக இவற்றைக் கவனியுங்கள்:

- அபினிச் செடியின் விதை ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் தடை. தமிழ்நாட்டில் குருமாவுக்கு அரைக்கும் கசகசா இதுதான். நம்மூரில் சர்பத்திலும் பலூடாவிலும் ஊறவைத்துப் போடும் கறுப்பு விதை வேறு, அது துளசி இன விதை. இரண்டுக்கும் வழக்கில் ஒரே பெயர் இருப்பதால் குழப்பம். சென்னையில் வாங்கிய மசாலாப் பொட்டலத்தோடு டுபாய் போகிறவர்கள் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்துவிட்டே வையுங்கள். கறுப்பு விதையையும் பெயர் எழுதாத பையில் கட்டிக் கொண்டுபோகாதீர்கள்.
- சாதிக்காயை முழுதாகவோ தனித் தூளாகவோ சவூதி அரேபியாவுக்குக் கொண்டுபோக முடியாது.
- வெற்றிலை, பான் வகைகள் டுபாய் சுங்கத்தின் தடைப்பட்டியலில் உள்ளவை. வாய்ப்புகையிலைக்குச் சிங்கப்பூரில் தடை. சூயிங்கம் 1992 முதல் அங்கே இறக்குமதித் தடையில் இருக்கிறது.
- மருந்துகள். ஜப்பானில் சூடோஎபெட்ரின் 10 வீதத்துக்கு மேல் உள்ள தடிமன் மாத்திரைகளைக் கொண்டுபோகக் கூடாது. கோடீன், டிரமடோல் கலந்த வலி மாத்திரைகளுக்கு அமீரகத்தில் முன் அனுமதி வேண்டும். மருந்தகத்தில் தரும் சிறு கடதாசி உறையில் தளர்வாகப் போட்ட மாத்திரைகளோடு போகாதீர்கள். மூலப் பொட்டலம், வைத்தியரின் சீட்டு, சீட்டில் மருந்தின் மூலப்பெயர் ஆகிய மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும்.

கைத்தொலைபேசியும் நோன்பு மாதமும்

வளைகுடாவில் நம்மவர்கள் அதிகம் அறியாத சட்டம் கைத்தொலைபேசி பற்றியது. அமீரகத்தின் 2021ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க இணையக் குற்றச் சட்டப்படி, வாட்ஸ்அப்பில் ஒருவரைத் திட்டி எழுதினால் அல்லது குரல்பதிவு அனுப்பினால் சிறையோ, 250,000 முதல் 500,000 திர்ஹம் வரை தண்டமோ விதிக்கலாம். அனுமதி இல்லாமல் மற்றவரைப் படம் எடுப்பதும் அதே சட்டத்தில் குற்றம். கூட இருக்கும் அறைத்தோழரோடு கோபத்தில் பரிமாறும் இரண்டு வரிகூட முறைப்பாடாக மாறலாம். சண்டை வந்தால் நேரில் முடியுங்கள், இல்லையென்றால் பேசாமல் இருங்கள். எழுத்தில் எதுவும் வேண்டாம்.

படம் எடுப்பதற்குப் பொதுவான அளவு ஒன்று: திருகோணமலைத் துறைமுகக் கடற்படைத் தளத்துக்கு முன்னால் எதைப் படம் எடுக்கமாட்டீர்களோ, அதை அங்கேயும் எடுக்காதீர்கள். அதோடு பெண்கள், பிறர் குடும்பங்கள், அரண்மனைகள், விபத்து நடந்த இடங்கள் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நோன்பு மாதத்தில் நாட்டுக்கு நாடு நிலைமை வேறு. குவைத்தில் 1968ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டம் இன்னும் நடைமுறையில் உண்டு. பகலில் பொது இடத்தில் சாப்பிட்டால் 100 தினார் வரை தண்டம், ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். டுபாயிலோ 2021 முதல் உணவகங்கள் திரை போட்டு மறைக்க வேண்டியதில்லை. "டுபாயில் எல்லோரும் சாப்பிடுகிறார்கள்" என்று குவைத்தில் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தால் அகப்படுவீர்கள். வாகனத்துக்குள் இருந்து குடிப்பதும் பொது இடம்தான்.

தாய்லாந்துக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கு ஒன்று. அரசரை, அரசியை, முடிக்குரிய வாரிசை அவமதிப்பதற்குக் குற்றவியல் சட்டம் 112ஆம் பிரிவில் 3 முதல் 15 வருடம் வரை சிறை. ஒரு பகிடிப் பதிவைப் பகிர்வதும் இதில் அடங்கும். காற்றில் பறந்த நாணயத்தாளைக் காலால் மிதித்து நிறுத்தாதீர்கள். அதில் அரசரின் முகம் இருக்கிறது.

அரபு வீட்டில், அலுவலகத்தில்

கிண்ணியாவிலும் மூதூரிலும் முஸ்லிம் வீடுகளுக்குப் போய்ப் பழகிய தமிழருக்குப் பாதி வழி ஏற்கெனவே தெரியும்: செருப்பை வெளியே விடுவது, வலக் கையால் சாப்பிடுவது, தொழுகை நேரத்தில் கதையை நிறுத்துவது. மீதிப் பாதிதான் புதிது.

- எதிர்ப்பாலாரோடு கைகுலுக்க நீங்களாகக் கையை நீட்டாதீர்கள். அவர் நீட்டினால் குலுக்குங்கள். இல்லையென்றால் வலக் கையை நெஞ்சில் வைத்துத் தலையைச் சற்றுத் தாழ்த்தினால் போதும். அது குறைவான மரியாதை ஆகாது.
- "வீட்டில் எல்லோரும் சுகமா?" என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். "மனைவி சுகமா?" என்று தனித்துக் கேட்கக் கூடாது. நமக்கு அக்கறையாகத் தெரியும் கேள்வி அங்கே அந்தரங்கத்துக்குள் நுழைவது.
- கோப்பி. கைப்பிடியில்லாத சின்னக் கிண்ணத்தில் அடியில் கொஞ்சம்தான் ஊற்றுவார்கள். குறைவாக ஊற்றுவது கஞ்சத்தனமல்ல. சூடாகத் திரும்பத் திரும்ப ஊற்றுவதற்காகத்தான். வலக் கையால் வாங்குங்கள். போதும் என்றால் கிண்ணத்தை இருபக்கமும் மெல்ல அசைத்துக் கொடுக்க வேண்டும். அசைக்காமல் நீட்டினால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். முதல் கிண்ணத்தை மறுப்பது வீட்டுக்காரரையே மறுப்பது, அதனால் ஒரு வாயாவது குடியுங்கள். இந்தக் கோப்பி மரபு 2015இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அவர்கள் இதை எவ்வளவு பெரிதாக எடுக்கிறார்கள் என்பதற்கு அது ஒன்றே சாட்சி.
- கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து பாதத்தின் அடியை எதிரே இருப்பவருக்குக் காட்டாதீர்கள்.
- அவர் கையில் இருக்கும் மணிக்கூட்டையோ மேசையில் உள்ள பொருளையோ மிகவும் புகழாதீர்கள். அதை உங்களுக்கே தந்துவிட வேண்டிய இக்கட்டுக்குள் அவரைத் தள்ளுகிறீர்கள்.

வியாபாரச் சந்திப்பில் முதல் அரை மணி நேரம் விலை பற்றிய பேச்சே வராமல் போகலாம். இடையில் வேறு ஆட்கள் வருவார்கள், தொலைபேசி அடிக்கும், கோப்பி வரும். நேரம் வீணாகிறது என்று எண்ணி விலைப்பட்டியலை எடுத்து மேசையில் வைக்கிற வியாபாரி அங்கேதான் தோற்கிறார். அவர்கள் முதலில் ஆளைப் பார்க்கிறார்கள். நாட்களையும் கவனியுங்கள். சவூதியில் வெள்ளி, சனி விடுமுறை. அமீரகத்தில் 2022 முதல் சனி, ஞாயிறு விடுமுறை, வெள்ளி அரசு அலுவலகங்களுக்கு அரைநாள். இதைப் பார்க்காமல் வெள்ளிக்கிழமை பிற்பகலுக்குச் சந்திப்புக் கேட்டால் அவர்களைப் பற்றி ஒன்றும் அறியாமல் வந்திருக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

ஜப்பான், கொரியா: சொல்லாமல் புரிந்துகொள்ளும் நாடுகள்

2019இல் ஜப்பானோடு செய்த உடன்பாட்டின் பின் 'குறித்த திறன் தொழிலாளர்' என்ற ஜப்பானிய வேலை விசாவில் நம் இளைஞர்கள் பராமரிப்பு, விவசாயம் போன்ற வேலைகளுக்குப் போகிறார்கள். கொரியாவுக்கு 2004 முதலே அரசு வழியில் போகிறார்கள். இரண்டு நாடுகளிலும் நேரே திட்டமாட்டார்கள், அதுவும் முக்கியமாக ஜப்பானில். அதனால் பிழை செய்தும் தெரியாமலே நாட்கள் போகும்.

முதலில் நேரம். 8 மணி வேலை என்றால் 8 மணிக்கு வாசலில் நிற்பது பிந்துவதாகும். உடை மாற்றி, வேலைக்குத் தயாராக 10 நிமிடம் முன்னதாக நிற்க வேண்டும். பிந்துவீர்கள் என்று தெரிந்தால், இரண்டு நிமிடமேயானாலும், பிந்துவதற்கு முன்பே அறிவியுங்கள். ஊரில் பஸ் பிந்தியது என்றால் எல்லோருக்கும் விளங்கும். அங்கே ரயில் பிந்தினால் நிலையத்தில் அதற்கென்று ஒரு சான்றுத் துண்டு தருவார்கள். அதை வாங்கிக்கொண்டுதான் வேலைக்குப் போக வேண்டும்.

விசிட்டிங் கார்ட் கொடுக்கும் முறை ஜப்பானிய வியாபாரத்தில் ஒரு சடங்குக்கு ஒப்பானது. படிப்படியாகச் சொன்னால்:

1. எழுந்து நின்று, எழுத்து அவர் வாசிக்கும் பக்கமாக இருக்க, இரு கையாலும் கொடுங்கள்.
2. அவருடையதை இரு கையாலும் வாங்குங்கள். வாங்கியதும் பொக்கற்றில் போடாமல் பெயரையும் பதவியையும் வாசியுங்கள்.
3. சந்திப்பு முடியும்வரை மேசையில் உங்கள் முன் வையுங்கள். பலர் இருந்தால் அவர்கள் உட்கார்ந்திருக்கும் வரிசையில் அடுக்குங்கள்.
4. அவர் முன்னால் அதில் எதுவும் எழுதாதீர்கள். காற்சட்டைப் பின்பொக்கற்றில் வைத்து அதன்மேல் உட்காருவது பெரும் பிழை.

செருப்புக் கழற்றுவது நமக்குப் புதிதல்ல, ஆனால் கழற்றி அப்படியே விட்டுப் போவோம். ஜப்பானில் கழற்றிய சப்பாத்தின் முனையை வாசலை நோக்கித் திருப்பி வைக்க வேண்டும். கழிவறைக்கென்று தனிச் செருப்பு இருக்கும். அதோடு வீட்டுக்குள் திரும்பி வந்துவிடுவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை.

சாப்பாட்டுக் குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்தாதீர்கள், அது இறந்தவருக்குப் படைக்கும் முறை. ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவு மாற்றாதீர்கள், தகனத்துக்குப் பின் எலும்பை எடுப்பது அப்படித்தான். காரணம் தெரிந்தால் இவை மறக்காது. கொள்ளி வைத்த வீட்டுச் சடங்கொன்றை ஒருவர் விளையாட்டாகச் சாப்பாட்டு மேசையில் செய்தால் நமக்கு எப்படி இருக்குமோ, அவர்களுக்கும் அப்படித்தான்.

ஜப்பானில் சோற்றுக் கிண்ணத்தைக் கையில் தூக்கிச் சாப்பிட வேண்டும், கொரியாவில் தூக்கக் கூடாது, மேசையிலேயே வைத்துக் கரண்டியால் எடுக்க வேண்டும். இரண்டு நாடுகளும் அயல் நாடுகள் என்பதால் ஒரே வழக்கம் இருக்கும் என்று எண்ணுவதை இது ஒன்றே உடைக்கும். கொரியாவில் மூத்தவர் முதலில் கரண்டியை எடுக்கும்வரை காத்திருங்கள். எதைக் கொடுத்தாலும் வாங்கினாலும் இரு கை, அல்லது வலக் கையை இடக் கையால் தாங்கிப் பிடித்தபடி. மூத்தவர் மது ஊற்றித் தந்தால் முகத்தைப் பக்கமாகத் திருப்பிக் குடிப்பார்கள். குடிப்பதில்லை என்றால் முதல் நாளே காரணத்தோடு தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சிவப்பு மையால் யாருடைய பெயரையும் எழுதாதீர்கள், இறந்தவர்களோடு சேர்த்து எண்ணும் வழக்கம் அது.

ரயிலில் கைத்தொலைபேசியில் கதைப்பது ஜப்பானில் மிகவும் வெறுக்கப்படுவது. வீட்டுக்குக் காணொளி அழைப்பு எடுப்பதென்றால் இறங்கிய பிறகு எடுங்கள். உணவகத்தில் மேசையில் சந்தோசப் பணம் (டிப்ஸ்) வைத்துவிட்டு வந்தால், மறந்துவிட்டீர்கள் என்று பின்னால் ஓடிவந்து திருப்பித் தருவார்கள்.

ஐரோப்பா, கனடா: பண்பு பிழையாகும் இடங்கள்

பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோரும், படிக்கப் போகும் இளையவர்களும் இடறுவது பெரும்பாலும் இங்கே. அதுவும் நல்ல எண்ணத்தோடு இடறுகிறார்கள்.

*மறுக்காமல் மறுப்பது.* முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்வது நமக்குக் கூச்சம். "பார்ப்பம்" என்போம், கேட்டவருக்கும் விளங்கிவிடும். ஜேர்மனியிலும் சுவிசிலும் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். பார்த்துவிட்டு விடை சொல்வீர்கள் என்று காத்திருப்பார்கள். விடை வராவிட்டால் நீங்கள் நம்பத்தகாதவர். முடியாது, காரணம் இது, வேண்டுமானால் இன்ன திகதிக்கு முடியும் என்று மூன்று பகுதியாகச் சொல்லுங்கள். அங்கே அதுதான் மரியாதை.

*தலையாட்டல்.* ஆம் என்பதற்கு நாம் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவது, ஐரோப்பியருக்கு இல்லை என்றோ, "ஏதோ பார்க்கலாம்" என்றோ தெரிகிறது. வேலை நேர்முகத்திலும் குடிவரவு அதிகாரி முன்னும் இது உண்மையான சிக்கல். தலையை அடக்க முடியாவிட்டாலும் வாயால் ஆம், இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பெரியவர் முன் பார்வையைத் தாழ்த்துவதும் அப்படித்தான். இங்கே அடக்கம், அங்கே எதையோ மறைக்கிறார் என்ற ஐயம்.

*கேள்விகள்.* எத்தனை வயது, கலியாணம் முடிந்ததா, ஏன் இன்னும் பிள்ளை இல்லை, சம்பளம் எவ்வளவு. முதல் சந்திப்பில் இவற்றில் எதுவும் வேண்டாம். இதில் வயதுக் கேள்வியைக் கொரியாவில் அவர்களே உங்களிடம் கேட்பார்கள், எந்த மரியாதை நிலையில் பேசுவது என்று தீர்மானிக்க அது தேவை. ஒரே கேள்வி ஓரிடத்தில் அவசியம், இன்னோரிடத்தில் அத்துமீறல்.

*குழந்தைகள்.* பூங்காவில் அழகான குழந்தையைக் கண்டால் கன்னத்தைக் கிள்ளுவதும், இனிப்புக் கொடுப்பதும், படம் எடுப்பதும் ஊரில் அன்பு. அங்கே பெற்றோர் பயந்துபோவார்கள், பொலிசையும் அழைக்கலாம். தூர நின்று சிரித்தால் போதும். ஆசைதான், ஆனாலும் அடக்கத்தான் வேண்டும்.

*அடுக்குமாடி.* ஜேர்மனியில் இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். ஞாயிறு முழுதும் துளையிடல், சுத்தியல், போத்தல்களைக் கண்ணாடிக் குப்பைத்தொட்டியில் போடுதல் எதுவும் கூடாது. சுவிசில் பல கட்டடங்களில் துணி துவைக்கும் அறைக்கு வீட்டுக்கு வீடு நாள் ஒதுக்கிய அட்டவணை இருக்கும். அடுத்தவர் நாளில் துவைப்பதும், ஞாயிறில் துவைப்பதும் சண்டைக்கு வழி. மிளகாய் வறுத்தால், கருவாடு பொரித்தால், புகையுணரி அலறும். கதவைத் திறந்து பொது நடைபாதைக்குள் புகையை விடாதீர்கள், அங்குள்ள உணரியும் அலறி முழுக் கட்டடமும் வெளியேற வேண்டிவரும். யன்னலைத் திறந்து, புகை இழுக்கும் விசிறியைப் போட்டு, மூடி போட்டுச் சமையுங்கள். முறைப்பாட்டுக் கடிதம் வருவது விருந்தாளிக்கு அல்ல, வாடகைக்கு இருக்கும் மகனுக்கு. விருந்தாளி ஊர் திரும்பிய பிறகும் அந்தக் கணக்கு மகன் பேரில் இருக்கும்.

*விருந்துக்கு அழைத்தால்.* சொன்ன நேரத்துக்குப் போங்கள், அரை மணி முந்திப் போவதும் பிழை. சொல்லாமல் மேலதிகமாக ஆளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், தலைக்கு அளந்து சமைத்திருப்பார்கள். "வேண்டாம்" என்று உபசாரத்துக்குச் சொன்னால் இரண்டாம் முறை கேட்கமாட்டார்கள், பசித்தால் முதல் முறையே வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் விருந்து கொடுக்கும்போதும் அவர்கள் போதும் என்றால் போதும். இலையில் இன்னும் ஒரு கரண்டி போடுவது அன்பாக அவர்களுக்குத் தெரியாது.

சந்தோசப் பணம்: கனடாவிலும் அமெரிக்காவிலும் மேசைக்கு வந்து பரிமாறும் உணவகத்தில் 15 முதல் 20 வீதம், அது பரிமாறுபவரின் வருமானத்தில் ஒரு பகுதி. லண்டனில் பல இடங்களில் பில்லிலேயே 12.5 வீதம் சேர்த்திருப்பார்கள், பார்த்துவிட்டுக் கொடுங்கள். ஜேர்மனியில் தொகையை மேல்நோக்கி முழுமையாக்கிச் சொன்னால் போதும்.

இந்தியக் கோயில்கள்

மொழியும் தெய்வமும் ஒன்று என்பதால் யாரும் விசாரிக்காமல் போய், வாசலில் நிற்கிறார்கள். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலிலும் குருவாயூரிலும் ஆண்கள் மேற்சட்டை இல்லாமல் வேட்டியோடுதான் போக முடியும், காற்சட்டைக்கு இடமில்லை. இரண்டிலும் இந்துக்கள் அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை, கலப்புக் குடும்பமாகப் போகிறவர்கள் முன்பே யோசிக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கோயில்களில் கைத்தொலைபேசிக்குத் தடை விதிக்கச் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசெம்பரில் உத்தரவிட்டது. குழுவாகப் போனால், உள்ளே பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று வாசலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

புறப்படும் முன் எதைக் கேட்பது, யாரைக் கேட்பது

"அங்கே எப்படி நடப்பது?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான விடைதான் வரும். குறிப்பாகக் கேளுங்கள்:

1. அந்த நாட்டில் எதைக் கொண்டுபோகக் கூடாது, எதைப் படம் எடுக்கக் கூடாது? இதற்கு அந்த நாட்டின் சுங்கத் தளமும் தூதரகமும்தான் விடை, முகவர் அல்ல. வேலைக்குப் போகிறவர்கள் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பயிற்சியில் இதை எழுந்து நின்று கேளுங்கள்.
2. போகும் நாட்களில் நோன்பு, பண்டிகை, தேர்தல், அரச துக்கம் ஏதும் வருகிறதா?
3. என்னை வரச்சொல்பவரை எந்தப் பெயரால் கூப்பிட வேண்டும்? குடும்பப்பெயரா, முதற்பெயரா? நம் பெயரில் தகப்பன் பெயர் முன்னால் நிற்பதால், பல நாடுகளில் அதிகாரிகள் உங்களைத் தகப்பன் பெயரால்தான் கூப்பிடுவார்கள். வரிசையில் அந்தப் பெயருக்கும் காது கொடுங்கள்.
4. அங்கே போன புதிதில் நீ செய்த பிழை என்ன? இதை அங்கே ஐந்து வருடமாவது இருக்கும் ஒருவரிடம் கேளுங்கள். எந்தப் பட்டியலிலும் இல்லாத விடை இதற்குத்தான் வரும்.

பிழை நடந்துவிட்டால்

வழக்கத்தில் பிழை என்றால் சுருக்கமாக மன்னிப்புக் கேட்டு, எது சரி என்று கேட்டு, அப்படியே திருத்துங்கள். நீண்ட விளக்கம் வேண்டாம். முக்கியமாக, சிரிக்காதீர்கள். வெட்கத்தில், பதற்றத்தில் சிரிப்பது நம்மவர் இயல்பு. ஐரோப்பியரும் அரபியரும் அதைக் கேலி என்றே எடுப்பார்கள், சின்னப் பிழை பெரிதாகும்.

இடத்தின் விதியில் பிழை என்றால் வாதாடாமல் விலகுங்கள். தண்டப்பணம் கேட்டால் எழுத்தில் துண்டு கேளுங்கள். துண்டு தரமறுக்கும் ஆளுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

பொலிஸ் விடயமாகிவிட்டால் மூன்று காரியம். குரலை உயர்த்தாதீர்கள், அதிகாரியைத் தொடாதீர்கள். வாசிக்க முடியாத மொழியில் எழுதிய எதிலும் கையொப்பம் இடாதீர்கள், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். தூதரகத்துக்கு அறிவிக்கும்படி கேளுங்கள். 1963ஆம் ஆண்டின் கொன்சியூலர் உறவுகள் பற்றிய வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் உறுப்புரை அந்த உரிமையைத் தருகிறது, ஆனால் நீங்கள் கேட்டால்தான் அறிவிக்க வேண்டிய கடமை அவர்களுக்கு வரும். தூதரகம் வழக்கை நிறுத்தாது, தண்டத்தையும் கட்டாது. சட்டத்தரணிகளின் பட்டியல் தரும், வீட்டுக்கு அறிவிக்கும், சிறையில் வந்து பார்க்கும்.

தூதரகத்தின் இலக்கத்தைக் கைத்தொலைபேசியில் மட்டும் சேமித்து வைக்காதீர்கள், கைதானால் முதலில் பறிபோவது அதுதான். ஒரு தாளில் தூதரக இலக்கம், வீட்டு இலக்கம், கடவுச்சீட்டு இலக்கம் மூன்றையும் எழுதிப் பணப்பையில் வையுங்கள். கடவுச்சீட்டின் முதற்பக்கப் பிரதியும் விசாப் பிரதியும் திருகோணமலையில் வீட்டில் ஒருவரிடம் இருக்கட்டும். எந்த நாட்டில், எந்த ஊரில், யாரிடம் வேலை என்பதையும் அதே தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.